டிம்ஸ் 1999 அறிவியல் நிகழ்பட ஆய்வு

டிம்ஸ் 1999 அறிவியல் நிகழ்பட ஆய்வு என்பது ஐந்து நாடுகளின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளைகளை நிகழ்படமாகப் பதிவு செய்து, கற்பித்தல் முறைகளை ஒப்பிட்ட பன்னாட்டுக் கல்வி ஆய்வு ஆகும். ஆஸ்திரேலியா, செக் குடியரசு, ஜப்பான், நெதர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் மொத்தம் 439 பாடவேளைகள் பதிவு செய்யப்பட்டன. கேத்லீன் ராத் முதலானோர் எழுதிய இதன் அறிக்கை 2006 ஆம் ஆண்டு வெளியானது.

பின்னணி

டிம்ஸ் தேர்வுகள் மாணவர் எவ்வளவு அறிந்துள்ளனர் என்பதை அளவிடுகின்றன. வகுப்பறையில் என்ன நிகழ்கின்றது என்பதை அவை காட்டுவதில்லை. ஆசிரியரிடம் வினாநிரல் கொடுத்துக் கேட்பதிலும் இடர்ப்பாடு உண்டு. "கலந்துரையாடல்", "செய்முறை" போன்ற சொற்களை ஆசிரியர் ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளில் கொள்வர். இக்குறையை நீக்க நிகழ்படம் பயன்பட்டது. 1995 டிம்ஸ் நிகழ்பட ஆய்வு மூன்று நாடுகளின் கணிதப் பாடங்களை மட்டுமே ஆராய்ந்தது. 1999 ஆய்வில் அறிவியலும் சேர்க்கப்பட்டது.

ஆய்வு முறை

தெரிவு செய்யப்பட்ட ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் ஒரு பாடவேளை மட்டும் படமாக்கப்பட்டது. ஒரு படக்கருவி ஆசிரியரைப் பின்தொடர்ந்தது. மற்றொன்று மாணவரை நோக்கி வைக்கப்பட்டது. பேச்சு முழுவதும் எழுத்தாக்கப்பட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. பின்னர் பயிற்சி பெற்ற குழுவினர் ஒவ்வொரு பகுதியையும் வகைப்படுத்திக் குறியீடு இட்டனர். ஒரே பகுதிக்கு வெவ்வேறு ஆய்வாளர் இட்ட குறியீடுகள் ஒத்துள்ளனவா என்பதும் சோதிக்கப்பட்டது.

முடிவுகள்

* ஜப்பான்: குறைந்த எண்ணிக்கையிலான கருத்துகள், சோதனைச் சான்றுகளிலிருந்து படிப்படியாக வருவிக்கப்பட்டன.
* ஆஸ்திரேலியா: சான்றுகளுடன் அன்றாட வாழ்க்கை நிகழ்வுகளும் கருத்துகளுடன் இணைக்கப்பட்டன.
* செக் குடியரசு: கடினமான கோட்பாடுகள் வகுப்பு முழுவதற்கும் பொதுவான உரையாடல் வழியே கற்பிக்கப்பட்டன.
* நெதர்லாந்து: பாடநூலைக் கொண்டு மாணவர் தாமே கற்பதற்கு முதன்மை அளிக்கப்பட்டது.
* ஐக்கிய அமெரிக்கா: பலவகைச் செயற்பாடுகள் இருந்தன, ஆனால் அவற்றுக்கும் அறிவியல் கருத்துகளுக்கும் இடையிலான தொடர்பு நலிவாக இருந்தது.

1999 டிம்ஸ் அறிவியல் தேர்வில் ஏனைய நான்கு நாடுகளும் ஐக்கிய அமெரிக்காவை விட உயர்ந்த புள்ளிகள் பெற்றிருந்தன. எனினும் அந்நான்கு நாடுகளின் கற்பித்தல் முறைகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. எனவே சிறந்த கற்பித்தலுக்கு ஒரே வழிதான் உண்டு என்ற கருத்தை இவ்வாய்வு ஆதரிக்கவில்லை. செய்முறைகள் மிகுதியாக இருப்பது மட்டும் போதாது, அவை எக்கருத்தை விளக்குகின்றன என்பது தெளிவாக வேண்டும் என்பதும் புலனாயிற்று.

வரையறைகள்

ஒரே ஒரு பாடவேளையைக் கொண்டு, ஓர் அலகு பல நாள்களில் வளரும் விதத்தை அறிய இயலாது. படக்கருவியின் முன்னிலையில் ஆசிரியரும் மாணவரும் இயல்பு மாறக்கூடும். மேலும், இது விளக்கமுறை ஆய்வு ஆதலால், குறிப்பிட்ட முறையே உயர்ந்த புள்ளிகளுக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. சிறுவரின் முகங்களும் குரல்களும் பதிவாவதால் இசைவு பெறுதல் இன்றியமையாதது. அறிவியல் பதிவுகளுள் 25 மட்டுமே, உரியோரின் இசைவுடன் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டன.

பயன்

இவ்வாய்வின் தொடர்ச்சியாக, ஆசிரியர்கள் குழுவாகக் கூடிப் பாட நிகழ்படங்களை ஆராயும் "ஸ்டெல்லா" என்னும் பயிற்சித் திட்டம் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. பாடப்பொருள் பயிற்சி மட்டும் பெற்ற ஆசிரியரின் மாணவரை விட, இத்திட்டத்தில் பங்கேற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மாணவர் கூடுதலாகக் கற்றனர் என்பதை 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.