பெருங்கலமும் பின்வரு தோணியும்

கடல் கடந்த பழம் பிரயாணங்களைப் பற்றி நூல்கள் பல உள. அவற்றில் எல்லாம் பாய் விரித்துச் செல்லும் பெருங்கலத்தையே காண்கிறோம். அதன் பின்னே வடத்தில் கட்டுண்டு, அலைதோறும் எழுந்தும் விழுந்தும் வரும் சிறு தோணியை நினைப்பார் அரியர். இவ்வாண்டு மலருக்கு அத்தோணியையே பொருளாகக் கொண்டோம். தலைநகரில் குடியிருக்கும் நமக்குக் கடலேது, கலமேது என்று அன்பர்கள் கேட்கலாம். இக்கதையின் ஒரு பகுதி தில்லியிலேதான் தொடங்குகிறது. சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

பெருங்கலம் கரையை அணுக இயலாது. குடிநீர் கொண்டுவரவும், விறகு ஏற்றவும், நங்கூரத்தை எடுத்துச் சென்று எட்டத்தில் இடவும், ஆட்களை இறக்கவும் தோணி வேண்டும். அதை மேல்தளத்தில் வைக்கலாமெனில், அங்கே சரக்குக்கும் மாலுமிகளுக்குமே இடம் போதாது. அன்றியும் கனத்த தோணியை ஓயாமல் ஏற்றி இறக்குவது எளிதன்று. ஆகவே கலத்தின் பின்புறமாகிய அமரத்தில் வடம் கட்டி இழுத்துச் சென்றனர்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். வடம் குறுகினால், அலைச்சரிவில் சறுக்கி வரும் தோணி கலத்தின் முதுகிலேயே மோதும். வடம் தளர்ந்து பின் திடீரென விறைத்தால், தோணியின் மூக்கைப் பிடுங்கிவிடும். ஓரிடத்திலேயே உராயும் வடம் இரவில் அறுந்து போனால் விடியும் வரை ஒருவரும் அறியார். மழையும் அலையும் தோணியை நிரப்பினாலோ, பாதி மூழ்கிய அந்தச் சுமை கலத்தையே பின்னுக்கு இழுக்கும். வடத்தை நீட்டுவதும் சுருக்குவதும் அலையின் நீளத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

மத்தியதரைக் கடலில் இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. புனித பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பயணத்தை விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் விவரிக்கிறது. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது அது. அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த கோதுமைக் கலம். அதில் 276 பேர். புயல் எழுந்தபோது பின்னே இழுபட்டு வந்த தோணியை, ஒரு சிறு தீவின் மறைவில் அரும்பாடு பட்டே மேலே ஏற்றினர். பின்னர், நங்கூரம் இடுவதாகப் பாவனை செய்து மாலுமிகள் அதே தோணியில் தப்பியோட முயன்றனர். படைவீரர்கள் கயிறுகளை வெட்டித் தோணியைக் கடலில் விட்டுவிட்டார்களாம். கலம் உடைந்தும் அனைவரும் கரையேறினர் என்பது வேறு கதை.

இனி நம் கடலுக்கு வருவோம். இந்தியக் கரைக்கு வந்த சீனக் கலங்களைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருப்பது மிகவும் சுவையானது. 1292-ஆம் ஆண்டளவில் 14 கலங்களோடு சீனத்தை விட்டுப் புறப்பட்டவர் அவர். ஒரு பெருங்கலத்தில் 200 அல்லது 300 மாலுமிகள். 5,000 அல்லது 6,000 கூடை மிளகு. ஒவ்வொரு கலத்துக்கும் துணையாக இரண்டு மூன்று படகுகள். படகு என்றால் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொன்றும் 1,000 கூடை மிளகு சுமக்கும்; ஐம்பது அறுபது பேர், சிலவற்றில் நூறு பேர் கூட இருப்பர். இவை அன்றிப் பத்துச் சிறு தோணிகள் கலத்தின் விலாவிலே தொங்கும். நங்கூரம் இடுவதும் மீன் பிடிப்பதும் அவற்றின் தொழில்.

துணைப்படகுகள் முன்னே சென்று பெருங்கலத்தை இழுப்பதும் உண்டு. துடுப்பு வலிக்கும்போது இழுக்கும். பக்கக் காற்று வீசினால் பாய் விரித்தும் இழுக்கும். பின்காற்று வீசினால் மட்டும் இழுக்கலாகாது என்கிறார் போலோ. ஏனெனில் பெருங்கலத்தின் பாய்கள் காற்றையெல்லாம் தாமே வாங்கிக்கொள்ளும். முன்னே உள்ள படகு காற்றின்றித் தயங்கும். பின்னே வரும் கலம் அதன் மேலேயே ஏறிவிடும். போலோ சொன்னவற்றை ஐயுறுவோர் இன்றும் உளர். ஆயினும் கரையில் இருந்து கதை கேட்டவர் சொல்லக்கூடிய நுட்பமா இது? கலத்தில் நின்று பார்த்தவருடைய சொல்லாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஐம்பது ஆண்டு கழித்து, 1342-இல், தில்லியிலிருந்து ஒரு தூதர் சீனம் நோக்கிப் புறப்பட்டார். சுல்தான் முகம்மது பின் துக்ளக் அனுப்பிய அவர்தாம் மொராக்கோ நாட்டு இபின் பதூதா. கோழிக்கோட்டை அடைந்தபோது அங்கே 13 சீனக் கலங்கள் நின்றன. ஒவ்வொரு பெருங்கலத்தின் பின்னும் மூன்று கலங்கள் செல்லும் என்றும், அவற்றுக்கு அரை, மூன்றிலொன்று, கால் என்று பெயர் என்றும் எழுதுகிறார். வீட்டுக் கணக்கைப் போலல்லவா இருக்கிறது!

மூன்று மாதம் காத்திருந்து புறப்படும் நாள் வந்தது. பெருங்கலத்தில் தமக்குக் கிடைத்த அறை வசதியாக இல்லையென்று, தம் உடைமைகளையும் உடனிருந்தோரையும் ககம் எனப்படும் சிறு கலத்தில் ஏற்றினார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகத் தாம் மட்டும் கரையில் தங்கினார். கோழிக்கோடு திறந்த கடற்கரை. கலத்துக்கு ஒதுங்குமிடம் இல்லை. அன்று கடல் கொந்தளித்தது. சுல்தானின் பரிசுகள் ஏற்றிய பெருங்கலம் கரையில் மோதிச் சிதறியது. அதில் இருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. அது கண்ட ககத்தின் மாலுமிகள் பாய் விரித்துப் போய்விட்டனர். கரையில் நின்ற தூதரிடம் மிஞ்சியவை பத்துத் தினாரும் படுக்கும் விரிப்பும்தாம்.

ககம் கொல்லத்துக்கு வரும் என்று கேட்டுப் பத்து நாள் உள்நாட்டு நீர்வழியே அங்கும் சென்றார். அது வரவில்லை. பின்னொரு நாள் செய்தி கிடைத்தது. ககம் சுமத்திரா சேர்ந்தது. அவருடைய அடிமைப் பெண்களை அந்நாட்டு அரசன் எடுத்துக்கொண்டான். பொருள் பலர் கைக்குப் போயிற்று. அவருடைய மகவைச் சுமந்திருந்த ஒருத்தி இறந்துவிட்டாள். அந்தப் பெண்களையும் சரக்கோடு சரக்காக எண்ணிய காலம் அது. இதைப் படிக்கையில் தூதரின் இழப்பைவிட, கரையில் நிற்பவரைப் பார்த்தபடி அகன்று சென்ற அக்கலத்தில் இருந்தோரையே நம் மனம் நினைக்கிறது. அவர்களை யார் கேட்டார்கள்?

பெரிய கலம் அழியச் சிறிய கலம் தப்பியது கோழிக்கோட்டில். தமிழ்க் கரையிலோ சிறு தோணி ஒன்று அவரையே காத்தது. மாலத்தீவும் இலங்கையும் சுற்றிய பின், மாபார் எனப்பட்ட நம் கரையை நோக்கி வந்த கலம் ஆழமற்ற இடத்தில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மிதவை கட்டித் தம் துணைவர் சிலரை முதலில் அனுப்பினார். தாம் இரவு முழுவதும் அமரத்திலேயே இருந்தார். விடிந்ததும் கரையோரத்து மக்கள் தோணியில் வந்து அழைத்துச் சென்றனர். மதுரையை அப்போது ஆண்ட சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலபாடி என்பதனால் மேற்கொண்டு கவலை இல்லாது போயிற்று.

பின்னர் அவர் சீனத்துக்கும் போனார். சுமத்திராவுக்கு அப்பால், காற்றும் அலையும் இல்லாத கடல் ஒன்றைக் கடக்க 37 நாள் ஆயிற்று என்கிறார். பெருங்கலத்தின் பின்னே ஏன் மூன்று கலங்கள் வருகின்றன என்பது அங்கேதான் விளங்கிற்றாம். அவை முன்னே வந்து, துடுப்பு வலித்து, வடம் பிடித்துப் பெருங்கலத்தை இழுத்தன. கலத்திலும் பாய்மரம் போன்ற பெருந்துடுப்புகள் இருபது. ஒவ்வொன்றுக்கும் முப்பது பேர் இரு வரிசையாய் எதிரெதிரே நின்று, ஒரு வரிசை இழுக்க ஒரு வரிசை விட, இனிய குரலில் ‘லா லா’ என்று பாடிக்கொண்டே வலித்தார்களாம். நம் ஊர்த் தோணிக்காரரின் ‘ஏலேலோ’ அவர் காதில் விழுந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்.