பாதி நினைவில் நின்ற பேய்க்கதை

வாளையார்ப் பகுதியில் முதியவர் ஒருவர், இளமையில் தமிழில் வாசித்த பேய்க்கதையொன்றைக் கண்டறிந்து தருமாறு கேட்டார். தலைப்பு, ஆசிரியர், இதழ் எதுவும் அவர் நினைவில் இல்லை. எஞ்சியிருந்தவை நான்கு: உறக்கமற்ற எழுத்தாளன், இரவில் வீசும் வாடை, மனைவி வேலைக்கு அமர்த்திய பிச்சைக்காரி, அவள் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்பது.

முதல் மூன்றும் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைச் சுட்டின. 1943இல் கலைமகளில் வெளிவந்த கதை அது. கதைகளைக் காலவரிசையில், முதல் வெளியீட்டு விவரங்களுடன் தரும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பு (2000) கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் மூலத்தை உறுதிசெய்வது எளிதாயிற்று.

ஆனால் நான்காவது கூறு அக்கதையில் இல்லை. இரவு வழியில் சுண்ணாம்பு கேட்பவள் கேரள வாய்மொழி மரபின் யட்சி. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ வழியாக யட்சிக் கதைகள் அச்சிலும் பரவின. காஞ்சனை யார் என்பதைப் புதுமைப்பித்தன் இறுதிவரை தெளிவாக்கவில்லை. அவர் விட்ட இடைவெளியை, எல்லையில் வாழ்ந்த வாசகர் தாம் கேட்டு வளர்ந்த பேயைக் கொண்டு நிரப்பியிருக்கிறார் என்றே கருதுகிறேன்.

மூலம் கிடைத்ததும் இத்தகைய மிகையைப் பிழையென்று விலக்கிவிடுகிறோம். பதிப்பாசிரியருக்கு அது பிழைதான். வாசிப்பின் வரலாற்றை எழுதுபவருக்கோ அதுவே சான்று. ஆகவே, ஆய்வு மாணவர்கள் மூலத்தைக் காட்டித் திருத்துவதற்கு முன், நினைவுகூர்பவர் சொன்னதைச் சொன்னபடியே பதிந்துகொள்ள வேண்டும். திருத்திய பின்னர் அந்த நினைவை மீட்டெடுக்க இயலாது.