நிறுத்த முடியாமை: பதின்பருவ வீரர்களின் மிகைப்பயிற்சியில் மனத்தின் பங்கு

மிகைப்பயிற்சியை உடலியல் கணக்காகவே பார்ப்பது வழக்கம்: உழைப்பு கூடியது, ஓய்வு குறைந்தது, உடல் தளர்ந்தது. பதின்பருவத்தினரைப் பொறுத்தவரை இது பாதிக் கணக்கே. இங்கிலாந்தின் இளம் வீரர்கள் 376 பேரிடம் மாட்டோஸ், வின்ஸ்லி, வில்லியம்ஸ் ஆகியோர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 29 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இந்நிலைக்கு ஆளானதாகக் கூறினர். ஆனால் பயிற்சிச் சுமையை வைத்து, பாதிக்கப்படுவோரைக் கணிக்க இயலவில்லை. உடலுழைப்பு குறைந்த விளையாட்டுகளிலும் தனிநபர் விளையாட்டுகளிலும்தான் பாதிப்பு மிகுந்திருந்தது. ஆகவே சுமையோடு, அதைச் சுமக்கும் மனத்தையும் ஆராய வேண்டியிருக்கிறது.

பதினைந்து வயது நீச்சல் வீராங்கனை ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். குளத்தின் சுவரைத் தொட்டு நிமிர்பவள் முதலில் ஸ்டாப்வாட்சையும், பிறகு பயிற்றுநரின் முகத்தையும் பார்க்கிறாள். 200 மீட்டருக்கு இரண்டு நொடி கூடியிருக்கிறது. களைத்த உடல் ஓய்வு கேட்கிறது; அவளோ அதை ‘என் உழைப்பு போதவில்லை’ என்று புரிந்துகொள்கிறாள். மாலையில் யாரும் சொல்லாமலே பத்துச் சுற்று கூடுதலாக நீந்துகிறாள். மறுநாள் நேரம் இன்னும் கூடுகிறது.

இந்தத் தவறான புரிதலுக்கு வேர் இரண்டு. ஒன்று, அடையாளம். ‘நான் யார்’ என்பதற்கு ‘நீச்சல்காரி’ என்ற ஒரே விடையை வைத்திருப்பவளுக்கு ஓய்வுநாள் என்பது தன்னையே இழக்கும் நாள். மற்றொன்று, சிக்குண்ட நிலை. விருப்பம் வற்றிய பிறகும், போட்ட உழைப்பு, பெற்றோரின் செலவு, பிறர் எதிர்பார்ப்பு ஆகியவற்றால் விலக முடியாமல் தொடர்வது அது. 13 முதல் 18 வயது வரையிலான நீச்சல் வீரர்களை ஆராய்ந்த ரேடிக்கி (1997), இவ்வாறு சிக்குண்டவர்களிடம் சோர்வுநிலை (burnout) மிகுந்திருப்பதைக் கண்டார்.

மனத்தின் சோர்வு மிகைப்பயிற்சியின் விளைவுதானே, காரணம் எப்படி ஆகும் என்று கேட்கலாம். பயிற்சி கூடக்கூட மனநிலை குலைவதையும், குறைந்தால் தேறுவதையும் மார்கனும் சக ஆய்வாளர்களும் 1987இலேயே காட்டினர். அது உண்மை. ஆனால் குலைவை உணர்ந்தபின் ஒருவர் நிறுத்துவதற்கும் இன்னொருவர் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்விளைவு விளக்காது. அதை விளக்குவது, களைப்புக்கு முன்பே உருவாகிவிட்ட அடையாளமும் சிக்குண்ட நிலையுமே.

இதைத் தனிமனிதக் குறையாகவும் கொள்ளலாகாது. இளம் வீரர்களின் வாழ்க்கை ஒற்றை அடையாளத்துக்குள் சுருங்குவதையும், முடிவுகள் அவர்கள் கையில் இல்லாமையையும் சுட்டி, சோர்வைச் சமூகச் சிக்கலாகவே கண்டார் கோக்லி (1992). ஆகவே தீர்வும் சூழலிலிருந்தே தொடங்க வேண்டும்: அந்த நீச்சல் வீராங்கனையின் பயிற்சிக் குறிப்பேட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் இடம் வேண்டும். அதைப் படித்துச் சுமையைக் குறைக்கும் பேச்சில் அவளுக்கும் குரல் வேண்டும். இவையின்றி இரண்டு வார ஓய்வு விதித்தால், அந்தப் பெண் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வாள். பதினைந்தாம் நாள் அந்தப் பத்துச் சுற்றையும் வட்டியோடு நீந்துவாள்.