நாற்பது மணி நேரம்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் சிலரோடு கள்ளக்குறிச்சியில் பேசிக்கொண்டிருந்தேன். நடத்தைப் பயிற்சி பற்றிப் பேச்சு வந்ததும் குரல்கள் உயர்ந்தன. "முகத்தைப் பார்த்துப் பேசப் பழக்கலைன்னா எந்த ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க?" என்றார் டவுனைச் சேர்ந்தவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்தவர், "பஸ் இங்க வந்து நின்னாலே என் பையன் எறங்க மாட்டேங்குறான்க்கா" என்றார். அப்பாக்கள் ஒருவரும் வரவில்லை.

இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தார். பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றியும் எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதிப் பழியைத் தாய் தலையில் கட்டினார். அதே ஆண்டு கிளாரா பார்க், தன் மகளை வளர்த்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். ஆட்டிசத்தின் காரணம் உடலில் இருக்கிறது என்று 1964இலேயே வாதிட்டிருந்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரும் ஒரு ஆட்டிச மகனின் தகப்பன்.

பழி தளர்ந்தது. 1987இல் ஐவர் லோவாஸின் ஆய்வு வந்தது: 19 பிள்ளைகள், வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி, அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டார்கள் என்ற முடிவு. அந்த முறையில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம், ஆண்டின் 365 நாளும் பயிற்சி தொடரும்படி பெற்றோரும் பழக்கப்பட்டார்கள். பெற்றோர் என்று எழுதினால் வீட்டில் அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். நேற்றுவரை குற்றவாளியாக இருந்தவள் இன்று சம்பளமில்லாத பயிற்சியாளர்.

எதிர்ப்பு, பயிற்சிக்கு ஆளாகிறவர்கள் பக்கமிருந்தே வந்தது. எங்களுக்காக அழாதீர்கள் என்று 1993இல் பெற்றோரிடம் சொன்னார் ஜிம் சின்க்ளேர். 2004இல் கனடாவின் மிஷெல் டாசன் இந்தப் பயிற்சியின் அறத்தையே கேள்வி கேட்டார். இருவரும் ஆட்டிசம் உள்ளவர்கள்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் டவுன் அம்மாவின் பயம் பொய்யில்லை, பள்ளிக்கூட வாசல் இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது. என் மனம் மலையிலிருந்து வந்தவர் பக்கம் நின்றது. பேசாத பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்க மறுப்பதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன். அடம் என்று பெயர் வைத்துப் பயிற்சி கொடுத்து அழித்துவிட்டால், அவன் வேறு எப்படித்தான் வேண்டாம் என்று சொல்வான்?

40 மணி நேரக் கணக்கை நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "இங்க வந்தா அன்னிக்குக் கூலி போச்சு. வாரம் ஒரு நாள் வந்தா எத்தனை மணி ஆகும்க்கா?" நான் கணக்குப் போடுவதற்குள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.