உறையாத இரத்தம்

கல்மண்டபத்தருகே ஒரு பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்றவன் நான். அக்கால்கள் இன்று அதற்குக் கணக்குக் கேட்கின்றன. கெண்டைச் சதையில் நீலநிறக் கயிறு முறுக்கிப் புடைத்துள்ளது. எங்கள் பக்கத்தார் இதனை ‘நரம்புச் சுருட்டல்’ என்பர். புடைத்திருப்பது நரம்பன்று, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரை. அதனுள் இருக்கும் வால்வுகள் தளர்ந்தால் இரத்தம் கீழே தேங்குகிறது.

துறைமுகத்தில் நின்றே சரக்குக் கணக்கெழுதிய நண்பரொருவருக்கும் இதே நோய். போதாததற்கு, காலின் உட்சிரையில் இரத்தமும் உறைந்தது. மருத்துவர் வார்ஃபரின் மாத்திரை தந்தார். “ஐயா, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துதானே! இரண்டாகப் போட்டால் சுருட்டலும் நேராகிவிடுமல்லவா?” என்று ஒருநாள் வினவினார். வினவுமுன்பே ஒரு வாரமாக அவ்வாறே விழுங்கியும் வந்திருக்கிறார்!

அம்மருந்தின் வரலாற்றை அறிந்தவர் அங்ஙனம் செய்யத் துணியார்.

நம் நாட்டு வைத்தியர்கள் அட்டை விட்டுக் குருதி வாங்கியது பழைய வழக்கம். அட்டை விழுந்த பின்னும் கடிவாய் கசிவதேன்? அதன் சாற்றில் இரத்தத்தை உறையவிடாத பொருள் உண்டென்று 1884இல் ஹேக்ராஃப்ட் காட்டினார். 1916இல் அமெரிக்க மாணவர் மெக்லீன், நாயின் ஈரலிலிருந்து அத்தகைய வேறொரு பொருளைக் கண்டார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அது ஹெப்பாரின் எனப் பெயர் பெற்றது.

மாத்திரையின் கதையோ மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் மாண்டன. 1933இல், கொட்டும் பனியில், விஸ்கான்சின் குடியானவர் ஒருவர் இறந்த பசுவையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் வேதியியலறிஞர் லிங்க்கிடம் கொணர்ந்தார். அந்த ஏழையின் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆறாண்டு உழைப்பில் நஞ்சு பிரிக்கப்பட்டது. அவ்வினத்துப் பொருளாகிய வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று!

அது இரத்தத்தை நீர்போலாக்குவதில்லை. உறைதலுக்கு வேண்டிய சில புரதங்களை ஈரல் முழுமையாகச் செய்யவொட்டாது தடுக்கிறது. அதனால் உறைகட்டி மேலும் வளராது. இருக்கும் கட்டியை உடலே மெல்லக் கரைத்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த வால்வை அது இறுக்காது. விரிந்த சிரைச்சுவரைச் சுருக்காது. அளவு மிஞ்சினாலோ, சிறு இடிபட்டாலும் தோலடித் திசுக்களில் குருதி கசிந்து பரவும்.

நண்பரின் சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன். முழங்கை வரை கருநீலத் திட்டுகள். அப்பொழுதே ரிக்‌ஷா வைத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்த அவர், மாத்திரையைச் சில நாள் நிறுத்தினார். சுருட்டலுக்கு வேறு வழி சொன்னார்: இறுக்கமான காலுறை, படுக்கும்போது காலடியில் தலையணை.

தலையணையை நானும் வைத்துக்கொள்கிறேன்.