கைக்குள் வந்த டிவி கேம்: ஒரு குட்டி வரலாறு

இன்னைக்கு கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மருத்துவம்.

1/
90கள்ல நாம "டிவி கேம்"னு ஆடினோமே, அதோட மூலம் ஜப்பான். நின்டென்டோவின் ஃபேமிகாம், 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்ல வர்ற ஒரு "குட் மார்னிங்" படம் கூட அதுக்குள்ள அடங்காது.

2/
அசல் பெட்டியில் முக்கியமான சிப்புகள் இரண்டு. கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று. பின்னால் வந்த நகல் பெட்டிகளில் இரண்டையும் ஒரே சிப்பாக்கி, பலகையில் நேரடியாக ஒட்டி, மேலே கருப்புப் பிசின் ஊத்திட்டாங்க. பிரிச்சுப் பார்த்தா திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கும். விலை இறங்கியது. நடுத்தர வீடுகளுக்குள்ளும் வந்தது.

3/
பலகை இவ்வளவு சின்னதானதும் கேள்வி வந்தது: இதை ஏன் கையிலேயே வச்சுக்கக் கூடாது?

அமெரிக்காவின் பெஞ்சமின் ஹெக்கன்டார்ன் 2000-ல் பழைய அட்டாரி 2600-ஐ வீட்டிலேயே கையடக்கமாக்கினார். அதிலிருந்து இது உலகம் முழுக்கப் பலருக்குப் பொழுதுபோக்கு.

4/
செய்முறை எளிது. நகல் பெட்டியின் பலகை, காருக்குப் பின்னால் பார்க்கும் கேமராவோட சின்ன திரை, ஸ்பீக்கர், பட்டன்கள், பேட்டரி.

கஷ்டமே மின்சாரத்தில் தான். 1989-ல் குன்பெய் யோகோயின் கேம் பாய் ஜெயித்ததும் இதனால் தான். நிறமில்லாத திரை, 4 பென்சில் பேட்டரி, பல மணி நேரம் ஆட்டம். வண்ணத்திரை வைத்த போட்டியாளர்களுக்கு 6 பேட்டரி போட்டும் சீக்கிரம் தீர்ந்தது.

5/
நம்ம விருத்தாசலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

விருத்தாசலம்னா செராமிக். இங்கே சூளையில் வேகுறது பொம்மையும் பீங்கான் சாமானும். அந்தப் பலகையில் பருப்பு சைஸ்ல ஒட்டியிருக்கும் செராமிக் கெப்பாசிட்டரும் அதே குடும்பத்துப் பிள்ளை. பேரியம் டைட்டனேட் போன்ற பொடியைச் சுட்டுச் செய்வது. சிப்புக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். இடம் மிச்சம்னு அதை வெட்டி எறிஞ்சா படம் ஆடும், ஆட்டம் நின்னுடும்.

6/
இப்ப டாக்டரா பேசறேன்.

லித்தியம் செல்லைப் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாம சார்ஜ் பண்ணாதீங்க. உப்பின செல் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும்.

இன்னொன்று. 1987-ல் அமெரிக்காவில் வந்த செல்டா கேட்ரிட்ஜில் ஆட்டத்தைச் சேமிக்க 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருந்தது. 20 மில்லிமீட்டர் அகலம். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்க சரியான அளவு! அது கசியவே வேண்டாம். ஈரமான சதையைத் தொட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உருவாகும். 2 மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்து போகலாம்.

குழந்தை விழுங்கியதா சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீங்க. "மலத்துல வந்துடும்"னு காத்திருக்காதீங்க. உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு வாங்க. 108 இருக்கு.

7/
பசங்க பிரிச்சுப் பார்க்கட்டும், சால்டர் பண்ணட்டும். பிரிச்சுப் பார்க்கும் பிள்ளைக்குத் தான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். பேட்டரி டப்பாவுக்கு மட்டும் திருகாணி போட்டு மூடச் சொல்லுங்க. கழட்டின பழைய பேட்டரியை டேப் சுற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைங்க.

அரசு மருத்துவர், விருத்தாசலம்