போர் தின்ற நல்ல வயது

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்றின் மேல் ஒரு விமானம் வந்து மோத, அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தப்பிப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இதற்குப் பதின்மூன்று நாள் முன்னர், நியூயோர்க்கில் ஜோ லூயிஸ் என்ற அமெரிக்கச் சிப்பாய் ஏப் சைமனை ஆறாம் சுற்றில் வீழ்த்தி, உலக ஹெவிவெயிட் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பட்டத்துக்கான அடுத்த சண்டை 1946 ஜூனில்தான் நடந்தது.

குத்துச்சண்டை ரசிகர்கள் ஒரு சம்பியனை எடைபோடும்போது தோல்விகளை எண்ணுவார்கள், குணத்தைப் பேசுவார்கள். கடைசியில் எல்லா வாதமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அவன் நல்ல வயதில் இருந்திருந்தால்…" அந்த நல்ல வயது யாருக்கு எத்தனை ஆண்டு கிடைத்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது குத்துச்சண்டை மேடை அல்ல. கடந்த நூற்றாண்டின் இரண்டு பெரிய போர்களையும் ஓர் உள்நாட்டுப் போரையும் பார்த்த திருமலைத் துறைமுகத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பறித்த நாளிலிருந்து 1957 ஒக்டோபர் 15இல் தளத்தை ஒப்படைத்த நாள் வரை, இடையில் குறுகிய இடைவெளிகள் இருந்தாலும், இது பிரித்தானியக் கடற்படையின் துறைமுகம். கையுறை மாட்டி, சுற்றுக் கணக்கு வைத்து, மத்தியஸ்தர் நடுவில் நின்று நடத்தும் குத்துச்சண்டையை அந்தப் பேரரசு தன் படைகளுக்கு ஒழுக்கப் பயிற்சியாகவே வைத்திருந்தது. இலங்கையின் குத்துச்சண்டைக்கு இன்றும் அந்தச் சாயல் உண்டு. ஸ்டப்ஸ் கேடயம், கிளிபர்ட் கிண்ணம், லேட்டன் கிண்ணம் என்று போட்டிகளின் பெயர்களிலேயே ஆளுநர்களும் துரைமாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கிண்ணங்களுக்காக முட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணியினர்.

படை முகாமில் உருவாகும் வீரனுக்கு ரசிகர்கள் எப்படிக் குணம் கற்பிக்கிறார்கள் என்பதற்குப் பழைய உதாரணம் 'பொம்பார்டியர்' பில்லி வெல்ஸ். பீரங்கிப் படையில் சேர்ந்து ராவல்பிண்டிக்கு வந்தவர். 1909இல் லக்னோவில் அகில இந்தியப் பட்டம் வென்றார். ஊர் திரும்பி 1911இல் பிரித்தானிய ஹெவிவெயிட் சம்பியனாகி, எட்டு ஆண்டுகள் அந்தப் பட்டத்தை வைத்திருந்தார். உயரம், அழகு, சுத்தமான இடது கை என எல்லாம் இருந்தது. ஆனால் 1913இல் பிரான்சின் ஜோர்ஜ் கார்ப்பந்தியேயிடம் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை லண்டனில், 73 வினாடிகளில். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் "கெட்டிக்காரன், ஆனால் நெஞ்சுரம் இல்லை" என்பதே பேச்சு. எட்டு ஆண்டுப் பட்டத்தை ஒன்றேகால் நிமிடம் விழுங்கிவிட்டது. அவர் அன்றைய உலகச் சம்பியன் ஜாக் ஜோன்சனோடு மோதவிருந்த 1911ஆம் ஆண்டுச் சண்டையைப் பிரித்தானிய உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில் தடுத்து நிறுத்தினார். கறுப்பினச் சம்பியன் ஒருவர் வெள்ளையரை அடிப்பதைக் குடியேற்ற நாட்டு மக்கள் பார்க்கக் கூடாது என்ற பதற்றம் அதன் பின்னால் இருந்தது. அன்று ஜோன்சனிடம் தோற்றிருந்தால்கூட வெல்ஸின் பெயர் இவ்வளவு கெட்டிருக்காது என்றே தோன்றுகிறது. பெரியவனிடம் வாங்கும் அடிக்கு ரசிகர்களிடம் எப்போதும் மன்னிப்பு உண்டு.

இலங்கைக்கென்று ஒரு சம்பியன் வந்தது 1938 பெப்ரவரியில். சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் ஃபெதர்வெயிட் பிரிவில் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. ஃபெதர்வெயிட் என்பது வேகத்தை நம்பும் எடை. ஹெவிவெயிட்காரர் முப்பத்தைந்து வயதிலும் ஒரே குத்தில் ஆளைச் சாய்த்துவிடலாம். சின்ன எடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. கால் சற்று மந்தமானாலே கதை முடிந்தது. ஹென்ரிக்கஸ் வென்ற பிறகு 1940 ஒலிம்பிக் நடக்கவில்லை, 1944 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1942இலும் 1946இலும் பேரரசுப் போட்டிகள் நடக்கவில்லை. அடுத்த பேரரசுப் போட்டி 1950இல் ஓக்லந்தில் நடந்தபோது இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. திருமலையில் எண்ணெய்த் தாங்கி எரிந்த அந்த வருடங்கள்தான் அவருடைய உடம்பு உலகத்துக்குத் தன்னைக் காட்டியிருக்க வேண்டிய வருடங்கள்.

இதை யாரும் ஹென்ரிக்கஸின் கணக்கில் எழுதுவதில்லை. லூயிஸுக்கு மட்டும் எழுதினார்கள்.

லூயிஸ் கதையில் தோல்வி முதலில் வருகிறது. 1936 ஜூனில் ஜெர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாம் சுற்றில் சாய்த்தார். தன் வலது கைக்கு வழி தேடி லூயிஸின் ஆட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார் ஷ்மெலிங். லூயிஸ் இடது குத்துக்குப் பிறகு அந்தக் கையைத் தாழ்த்துவதைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 ஜூன் 22இல், யாங்கி அரங்கில் லூயிஸ் அந்தக் கடனை 124 வினாடிகளில் அடைத்தார். முதல் தோல்வி இல்லாமல் அந்த இரண்டு நிமிடத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்திருக்காது. பிறகு போர் வந்ததும், 1942 ஜனவரியில் பட்டி பேயர் என்பவருடன் சண்டை போட்டுக் கிடைத்த பணத்தை அமெரிக்கக் கடற்படையின் நலநிதிக்குக் கொடுத்தார். கறுப்பர்களை மேசையில் பரிமாறும் வேலைக்கு மட்டுமே எடுத்த கடற்படை அது. சைமன் சண்டையின் பணமும் தரைப்படை நிதிக்குப் போனது. அரசு பின்னாளில் அவரை வரிப்பாக்கி என்று துரத்தியது தனிக் கதை. ஆனால் ரசிகர்களின் தராசில் அந்த நான்கு வெறும் ஆண்டுகள் எடை கூடிய ஆண்டுகளாயின. 1951இல் முப்பத்தேழு வயதில் ரொக்கி மார்சியானோவிடம் விழுந்ததைக்கூட "அது லூயிஸ் அல்ல" என்று ஒதுக்கிவைத்தார்கள்.

முகம்மது அலிக்கு நடந்ததோ நேர்மாறு. லூயிஸ் படையில் சேர்ந்ததால் நல்லவரானார். அலி சேர மறுத்ததால் கெட்டவரானார். 1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றபோது அவருடைய கணக்கில் 29 வெற்றி, தோல்வி ஒன்றுமில்லை. பட்டம் பறிபோனது. 1970 ஒக்டோபரில் திரும்பி வரும்வரை மூன்றரை ஆண்டுகள் மேடையே கிடையாது. அதாவது இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வரை. அவருடைய ஐந்து தோல்விகளும் (ஃபிரேசியர், நோட்டன், ஸ்பிங்ஸ், ஹோம்ஸ், பெர்பிக்) அந்த இடைவெளிக்குப் பிறகு வந்தவை. போருக்குப் பெயர் கெட்ட பிறகு, மக்கள் அலியையும் வேறு கண்ணால் பார்த்தார்கள். 'வாயாடி', 'தேசத்துரோகி' என்ற பேச்சு மறைந்து, கொள்கைக்காகத் தன் நல்ல வயதைக் கொடுத்தவர் என்றானது. ஆனால் இதே அலி, தனக்கு உதவிய ஜோ ஃபிரேசியரை மனிதக்குரங்கு என்று மேடைக்கு மேடை கேலி செய்தார். அதை ஃபிரேசியர் கடைசிவரை மறக்கவில்லை. ரசிகர்கள் மறந்துவிட்டார்கள், குணத்துக்கு மதிப்பெண் போடுவதில் அவர்களுக்குள்ள தாராளம் அப்படி.

1980 தொடக்கத்தில் அலி மதராசுக்கு வந்தார். முதல்வராயிருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையில் காட்சிச் சண்டை நடந்தது. வயது முப்பத்தெட்டு, உடம்பு கனத்திருந்தது. எதிரில் நின்றவர் ஜிம்மி எல்லிஸ். லூயிவில் நகரத்தில் அலியோடு வளர்ந்து, அவருக்கே பயிற்சித் துணையாயிருந்தவர். அலியின் பட்டம் பறிக்கப்பட்டபோது, வெறுமையான அந்த இருக்கைக்காக நடந்த போட்டித்தொடரில் வென்று 1968இல் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் சம்பியனானவரும் அவர்தான். அலி இழந்த ஆண்டுகளில் பட்டத்தோடு இருந்தவரும், அந்த ஆண்டுகளை இழந்தவரும், இருவருமே நல்ல வயது கழிந்த பிறகு, தமிழர் கூட்டத்துக்கு முன்னால் விளையாட்டாகக் குத்திக்கொண்டார்கள். அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் எல்லிஸைப் பார்க்க வந்திருப்பார்கள்?

அந்த ஊரின் வடபகுதிக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வாழ்ந்த வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் பிரிந்து நின்று மோதின. பா. ரஞ்சித்தின் 2021ஆம் ஆண்டுப் படத்துக்குப் பிறகு இங்கே திருமலையிலும் அந்தப் பெயர்கள் பழக்கமாகிவிட்டன. அங்கே தோல்வி தனிமனிதனுடையது அல்ல, பரம்பரையின் மானம். வெள்ளைக்காரர் டெரியை வென்றதாகச் சொல்லப்படும் கித்தேரி முத்துவின் பெயர் இன்றுவரை பேசப்படுவதற்கும் காரணம் இதுதான். எத்தனை சண்டை, எத்தனை தோல்வி என்ற பட்டியலை அங்கே யாரும் கேட்பதில்லை.

இலங்கை ரசிகர்கள் பட்டியல் கேட்ட நாள் ஒன்று வந்தது. அந்த நாளுக்கு முன், 1968க்குப் பிறகு 2008 வரை நாற்பது ஆண்டுகள் இலங்கைக் குத்துச்சண்டை வீரர் ஒருவரும் ஒலிம்பிக் மேடை ஏறவில்லை. அவற்றில் பெரும்பகுதி உள்நாட்டுப் போர் ஆண்டுகள். கடற்படைத் தளத்தைச் சுற்றிச் சோதனைச் சாவடிகளும் உயர் பாதுகாப்பு வலயமுமாக இருந்த திருமலையில், ஒரு தலைமுறைப் பொடியன்களின் நல்ல வயது இருட்டுமுன் வீடு திரும்புவதிலேயே கழிந்தது. மெக்கெய்சர் மைதானத்தில் பந்தடித்தவர்களுக்கே அப்படியென்றால், கையுறையைப் பற்றிப் பேச்சே இல்லை. போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், பழைய பேரரசுப் போட்டியின் தொடர்ச்சியான பொதுநலவாயப் போட்டியில், டில்லியில், மஞ்சு வன்னியாராச்சி பாண்டம்வெயிட் தங்கம் வென்றார். ஹென்ரிக்கஸுக்குப் பிறகு 72 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம். அப்போது புள்ளி கணினியில் விழும். ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே கணத்தில் பொத்தானை அமுக்கினால்தான் குத்து கணக்காகும். அந்தக் கணக்கில் வென்ற தங்கம் ஆய்வுகூடத்தில் தோற்றது. நான்ட்ரலோன் என்ற ஊக்கமருந்து உடலில் இருந்ததாகக் காட்டிப் பதக்கத்தைப் பறித்து, வேல்ஸின் ஷோன் மக்கோல்ட்ரிக்கிடம் கொடுத்தார்கள். வரவேற்புக்கு மாலையோடு நின்றவர்கள் சட்டென்று நீதிபதிகளானார்கள். மக்கோல்ட்ரிக்கோ மேடையில் கைதூக்கப்படாமலே சம்பியன்.

2018இல் கோல்ட் கோஸ்டில் இலங்கைக்குக் குத்துச்சண்டையில் மூன்று வெண்கலம் கிடைத்தது. அவற்றில் ஒன்று அனுஷா கொடித்துவக்குடையது. அரையிறுதியில் அவருக்கு எதிரே வந்தவர் இந்தியாவின் முப்பத்தைந்து வயது மேரி கோம். மூன்று பிள்ளைகளின் தாய், மாநிலங்களவை உறுப்பினர், "இனி அவ்வளவுதான்" என்று பலரும் முடிவுகட்டிவிட்ட ஒருவர். ஐந்து நடுவர்களும் கோமின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். அவர் அங்கே தங்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் டில்லியில் ஆறாவது உலகப் பட்டத்தையும் வென்றார்.